மாறிப்போன பிரார்த்தனை

ஆபரேஷன் தியேட்டருக்குள் போவதற்கு முன்னால் ஒரு சின்ன அறை இருக்கிறது. அதன் ஜன்னலோரத்தில் நீலநிற பிளாஸ்டிக் தட்டு ஒன்று. உள்ளே போகிறவர் யாராக இருந்தாலும் மேலே போட்டிருப்பதையெல்லாம் கழற்றி அதில் வைத்துவிட வேண்டும். மோதிரம், சங்கிலி, பதக்கம் கோத்த கழுத்துக் கயிறு, மணிக்கட்டில் சுற்றியது, இடுப்பில் முடிந்து வைத்தது, எல்லாம். பல்செட் உண்டென்றால் அதுவும் அதே தட்டில்தான்.

"கடவுளுக்கும் பல்லுக்கும் ஒரே தட்டுதாங்க அங்க" என்று அங்கே நர்ஸாக இருக்கும் தியேட்டரக்கா ஒருநாள் புருஷனிடம் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து, "இத வெளியில எங்கயும் சொல்லி வைக்காத" என்றார்.

எல்லாவற்றையும் கழற்றியபின் வெளிறிய பச்சை அங்கியும் தலைக்கு ஒரு குல்லாவும் தருவார்கள். அந்தக் கோலத்தில் மேஜைமேல் மல்லாந்து கிடக்கிறவர் பணக்காரரா, கடன்காரரா, எந்த வழிபாட்டு வீட்டைச் சேர்ந்தவர் என்று பெற்ற தாய்க்கும் அடையாளம் தெரியாது. மனிதர் எல்லாரும் ஒன்று என்று மேடையில் பேசுகிறவர்கள் உண்டு. அதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் அந்த மேஜைதான் இடம். ஆனால் பார்க்கக் கிடைப்பதென்னவோ எல்லார் கண்ணிலும் ஒரே மாதிரியான பயம். அதை ஒற்றுமை என்று சொல்லலாமா என்பது வேறு விஷயம்.

இருபது வருஷத்துக்கு மேலாக அவள் அங்கே நர்ஸ். வயதில் மூத்த சர்ஜனே 'அக்கா' என்றுதான் கூப்பிடுவார். கை சுத்தம், வாய் குறைவு. அந்தக் குறைந்த வாய்க்கு ஒரு வேலை வந்து சேர்ந்தது தற்செயலாகத்தான். முன்னொரு காலத்தில் ஒரு பள்ளிக்கூடத்து டீச்சர், ஊசிக்கு நரம்பே கிடைக்காதபடி நடுங்கிக்கொண்டு கிடந்தார். "எனக்காக நீ ஒரு தடவ சொல்லும்மா, நாக்கு ஒட்டிக்குது" என்றார். அவர் ஒவ்வொரு வார்த்தையாக முணுமுணுக்க, இவள் அதையே சத்தமாகத் திருப்பிச் சொன்னாள். நடுக்கம் நின்றது, நரம்பும் எழும்பியது. மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா ஊசியை ஏற்றிக்கொண்டே, "என் மருந்தவிட இது நல்லா வேலை செய்யுதே அக்கா. எல்லாருக்கும் சொல்லுங்க" என்றார். அன்று தொடங்கியது வழக்கமாகிவிட்டது.

ஊரில் இரண்டு வழிபாட்டு வீடுகள். ஒன்று மேட்டுத் தெருவில், மற்றது ஆற்றங்கரையில். மேட்டுத் தெருக்காரர்களின் பிரார்த்தனை மன்னிப்புக் கேட்டுத் தொடங்கும். ஆற்றங்கரைக்காரர்களுடையது நன்றி சொல்லித் தொடங்கும். இரண்டையும் அவள் மனப்பாடமாகக் கற்றுக்கொண்டாள். மயங்கப் போகிறவரின் விரலைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, அவரவருக்கு உரியதைக் காதருகே சொல்வாள். கேட்டவர்கள் அவளைத் தங்கள் ஆள் என்று நினைத்துக்கொண்டார்கள். அவளும் மறுக்கவில்லை. அவளும் புருஷனும் பிழைப்புக்காக வெளியூரிலிருந்து வந்தவர்கள். அவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். "நீங்க எந்தப் பக்கம்?" என்று யாராவது கேட்டால், "எங்க ஊர்ல கும்பிடறதோட சரிங்க" என்பார். அந்த ஒரு வரியில் அவர்கள் இத்தனை வருஷம் குடித்தனம் நடத்திவிட்டார்கள்.

உள்ளபடி, அவளுக்குக் கடவுள் இல்லை. கோபித்துக்கொண்டு விட்டதல்ல. சண்டை போடுவதற்கு ஆள் இருந்தால்தானே சண்டை. சாவைப் பார்த்துப் பார்த்து நம்பிக்கை போனது என்று யாராவது கதை கட்டினால் அதுவும் பொய். பழைய சட்டை ஒன்று ஒருநாள் சிறிதாகிப் போவதுபோல் அது போயிற்று. எந்த நாள் என்றுகூட அவளுக்கு நினைவில்லை. புருஷனோ வேறு கட்சி. "இல்லன்னே வச்சுக்குவோம். ஒருவேளை இருந்து தொலைச்சிட்டா?" என்பது அவருடைய பக்தி.

நம்பாமல் சொல்லும் பிரார்த்தனை பொய்யாகாதா என்று அவளே யோசித்ததுண்டு. கண் தெரியாதவரைக் கைப்பிடித்து எதிர்ச்சாரிக்குக் கூட்டிப் போகிறோம். நமக்கு எதிர்ச்சாரியில் வேலை இருக்க வேண்டும் என்று கட்டாயமா என்ன? அப்படிச் சொல்லிக்கொண்டால் மனசு அடங்கிவிடும். அந்தப் பதில் போதுமா என்று அவள் அதற்குமேல் தோண்டிப் பார்த்ததில்லை. தோண்ட வேண்டிய நாள் வந்தது.

போன வாரம் சந்தையில் போன் ரிப்பேர் கடைக்காரர் ஒரு வார்த்தை விட்டுவிட்டார். யாரோ ரிப்பேர் செய்த போன் சரியாக ஓடவில்லையென்று சலித்துக்கொள்ள, "உடம்புக்கு வந்தா வேண்டிக்கறீங்கல்ல, போனுக்கும் வேண்டிக்க வேண்டியதுதானே. அங்க கேக்கறதுக்கு ஆள் இருந்தா சரி பண்ணித் தரட்டும்" என்று சொல்லிச் சிரித்தார். அதை யாரோ படம் பிடித்துச் சுற்றுக்கு விட்டார்கள். சாயங்காலத்துக்குள் கடை இல்லை. மேட்டுத் தெருக்காரர்களும் ஆற்றங்கரைக்காரர்களும் ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு ஒருவர் போகாதவர்கள். இரண்டு பக்கமும் தோளோடு தோள் நின்று செய்த ஒரே காரியம் அந்தக் கடையை உடைத்ததுதான். மறுநாள் பழையபடி ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டார்கள். வேறு கடவுளைக் கும்பிடுகிறவனை ஊர் பொறுத்துக்கொள்ளும், அவனிடமும் இழக்க ஒன்று இருக்கிறது என்ற தெம்பில். ஒன்றும் இல்லாதவனை எங்கே பிடிப்பது என்று தெரியாமல் ஊருக்குப் பயம். பயந்த ஊர் கல்லெடுக்கும். போன்கடைக்காரர் பெண்டாட்டி பிள்ளையோடு எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. வேலைக்குப் போகும் வழியில் அக்காவின் செருப்புக்கடியில் அந்தக் கடைக் கண்ணாடி இன்னமும் நொறுங்கிக்கொண்டிருந்தது.

"இனிமே யாருக்கும் எதுவும் சொல்லாத. ஊசி எடுத்துக் குடுத்தோமா, வந்தோமான்னு இரு" என்றார் புருஷன், காலையில் அவள் கிளம்பும்போது.

"கேட்டாங்கன்னா?"

"தொண்டை கட்டிக்கிச்சுன்னு சொல்லு."

"திடீர்னு நிறுத்தினா அதுதாங்க சந்தேகம்."

அவர் யோசித்தார். அதுவும் சரியாகத்தான் பட்டது. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர் இருந்தது.

அன்று முதலில் மேஜைக்கு வரவேண்டியவர் ஆற்றங்கரைத் தையல்காரர், குடலிறக்கத்துக்கு. அடுத்தது மேட்டுத் தெருப் பழக்கடைக்காரர், பித்தப்பைக் கல். ஆனால் தையல்காரர் வெறும் வயிற்றோடு இருக்க வேண்டியவர், விடியற்காலையில் ஒளிந்து ஒரு டீ குடித்துவிட்டார். வார்டில் அதைக் கண்டுபிடித்து, சர்ஜனிடம் சொல்லி, ஆளை மாற்றி அனுப்பிவிட்டார்கள். அக்கா உள்ளே கருவிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளிடம் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

குல்லா போட்ட ஒரு மனிதர் மேஜைமேல் வந்து படுத்தார். அவள் விரலைப் பிடித்துக்கொண்டு, "நீங்க சொல்லுவீங்களாமே" என்றார்.

முகக்கவசத்துக்குள்ளிருந்து அவள் குனிந்து சொல்லத் தொடங்கினாள், நன்றியிலிருந்து.

இரண்டாவது வரியிலேயே அவர் கண்கள் அகலத் திறந்தன. மருந்து நரம்பில் ஏறும்போது எரியும், எல்லாரும் அப்படித்தான் விழிப்பார்கள். அவள் நிறுத்தாமல், விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கடைசி வார்த்தைவரை சொல்லி முடித்தாள். கண்கள் செருகின.

டாக்டரம்மா மருந்துக் குழாயிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

"அக்கா. இவரு பழக்கடைக்காரரு."

அக்காவுக்கு முதலில் அது வெறும் செய்தியாகத்தான் காதில் விழுந்தது. பிறகு, பிடித்திருந்த விரலை விட்டுவிட்டாள்.

"தையல்காரர் டீ குடிச்சிட்டாரு. உங்ககிட்ட யாரும் சொல்லலையா?"

"இல்ல டாக்டர்."

"சரி விடுங்க. மருந்து ஏறிடுச்சு. இதெல்லாம் ஞாபகம் இருக்காது." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அனேகமா" என்றார்.

ஆபரேஷன் முடியும்வரை அந்த 'அனேகமா' விளக்குக்குப் பக்கத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. பஞ்சுத் துணிகளை அவள் எண்ணிய பிறகு மறுபடி எண்ணினாள். "என்னக்கா, இன்னிக்கு வயித்துக்குள்ள ஒரு கடையே வைக்கப் போறீங்களா, இந்த எண்ணு எண்ணுறீங்க" என்றார் சர்ஜன். மயக்கத்திலிருந்து எழுந்து, 'டாக்டர் ஏதோ பாட்டு முணுமுணுத்தாரே' என்று கேட்டவர்களை அவள் பார்த்திருக்கிறாள். ஒன்றுமே நினைவில்லாதவர்களையும் பார்த்திருக்கிறாள். இவர் எந்த வகை? நினைவிருந்தால், 'இந்தப் பொம்பள எந்தப் பக்கம்?' என்று கேள்வி வரும். மேட்டுத் தெரு இல்லை. ஆற்றங்கரையில் விசாரித்தால் அங்கேயும் இல்லை. அப்புறம் என்ன மிச்சம்? செருப்புக்கடியில் நொறுங்கிய கண்ணாடிதான் மிச்சம்.

வெளியே வராந்தாவில் பழக்கடைக்காரரின் அண்ணன் காத்திருந்தார். மேட்டுத் தெரு வழிபாட்டு வீட்டில் தொண்டர்களுக்குத் தலைவர். கூட நாலைந்து பேர். எல்லாரும் மரியாதையாக எழுந்து நின்றார்கள், அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது.

"நீங்கதானே தியேட்டரக்கா? தம்பிக்கு சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"நல்லா இருப்பீங்க சிஸ்டர். கூடப் பொறந்தவன் உள்ள தனியாக் கெடக்கறானேன்னு நெஞ்சு அடிச்சுக்கிட்டே இருந்திச்சு. நீங்க இருக்கீங்கன்னதும்தான் உக்காந்தேன்."

அவர் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. வலது உள்ளங்கையில் தடித்த கட்டு. தொழில் பழக்கத்தில் அவள் வாய் கேட்டுவிட்டது.

"கையில என்ன?"

"கண்ணாடி" என்றார் அவர். எந்தக் கண்ணாடி என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

சாயங்காலம் வீட்டில் புருஷன் முழுவதையும் கேட்டுவிட்டு, தாழ்ப்பாளைப் போய்ப் பார்த்தார். சரியாகத்தான் போட்டிருந்தது. கழற்றி மறுபடி போட்டார்.

"யாரு கேட்டாலும் ஒரே பேச்சு. எங்க ஊர்ல கும்பிடறதோட சரி."

"உங்க ஊர்ல எதக் கும்பிடுவீங்கன்னு கேட்டா?"

இத்தனை வருஷத்தில் அந்த அடுத்த கேள்வியை யாரும் கேட்டதில்லை. "நாளைக்குள்ள ஒண்ணு யோசிச்சு வைக்கலாம்" என்றார். வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. இரண்டு பேரும் சாப்பாட்டுத் தட்டில் வைத்த கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து வீட்டுக் கதவு தட்டப்பட்டு, திறந்து, யாரோ சிரித்தார்கள்.

மறுநாள் காலையில் வார்டு நர்ஸ் அவளைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, அந்தப் பித்தப்பை ஆளு உங்களத்தான் கேட்டுக்கிட்டே இருக்காரு. தண்ணி குடிக்கல, தூங்கல. நாடி குதிரை மாதிரி ஓடுது. டாக்டருக்கே புரியல."

அக்கா போனாள்.

பழக்கடைக்காரர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அவளைக் கண்டதும் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், பிறகு விரலை அசைத்துக் கிட்டக் கூப்பிட்டார்.

"சிஸ்டர், மயக்கத்துல நான் ஏதாச்சும் பேசினேனா?"

அவளுக்குச் சட்டென்று புரியவில்லை.

"பொய் சொல்லாதீங்க. நான் பேசியிருக்கேன். எனக்கே கேட்டுச்சு. ஆத்தங்கரைக்காரங்க சொல்றது, மொதல்லேர்ந்து கடைசி வரைக்கும். சந்தையில என் கடை அவங்க வழிபாட்டு வீட்டுச் சுவத்துக்கு ஒட்டினாப்புல. தினமும் கேட்டுக் கேட்டு மண்டையில ஏறிக்கிச்சு. நேத்து என் வாயிலேர்ந்தே வந்திருச்சு. அங்க வேற யாரு சொல்லியிருப்பா? நீங்க நம்ம பிரார்த்தனைய சொல்றவங்க. உங்க வாயக்கூடப் பாத்தேன், அசையவே இல்ல."

முகக்கவசம் போட்டவள் வாய் எப்படி அசைந்து தெரியும். அதை அவர் யோசிக்கவில்லை. யோசிக்கிற நிலையிலும் இல்லை.

"எங்கண்ணன் ஏற்கெனவே 'அங்கயே கெடந்து அவங்க ஆளா மாறிட்டியா'ன்னு கேட்டிருக்காரு. இது அவரு காதுக்குப் போச்சுன்னா..." அவர் முடிக்கவில்லை. "போன்கடைக்காரரு எனக்கு ரெண்டு கடை தள்ளி. அன்னிக்கு நான் ஷட்டர இழுத்து விட்டுட்டு உள்ளேயே உக்காந்திருந்தேன் சிஸ்டர். எல்லாம் கேட்டுச்சு."

அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி பார்ப்பதற்காகத்தான். அது ஓடிய ஓட்டம் அவளுடையதைப் போலவே இருந்தது.

தப்பித்துக்கொள்ள வழி அங்கேயே இருந்தது. ஆமாம், ஏதோ உளறினீங்க, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். அவர் சாகும்வரை வாயைத் திறக்க மாட்டார். அவளுக்குக் கதவு இரட்டைத் தாழ்ப்பாள் போட்ட மாதிரி. அவளைத் துணிச்சல்காரி என்று யாரும் சொல்ல முடியாது. அந்த வழியை அவள் நன்றாகவே பார்த்தாள், கொஞ்ச நேரம் அதன்மேல் நின்றும் பார்த்தாள். ஆனால் விரலுக்கடியில் அந்த நாடி ஓடிக்கொண்டே இருந்தது.

"நீங்க ஒண்ணுமே பேசல. நான்தான் சொன்னேன். ஆள் மாறிப்போச்சு. தையல்காரர்னு நினைச்சு உங்களுக்குச் சொல்லிட்டேன்."

அவர் வெகுநேரம் அவள் வாயையே பார்த்தார்.

"அப்ப நீங்க அவங்க ஆளா?"

"இல்ல."

"நம்ம ஆளு."

தலையை ஆட்டினால் முடிந்தது. தலை ஆடவில்லை. ஏன் ஆடவில்லை என்று அவளால் பின்னாலும் சொல்ல முடியவில்லை. அவர் முகத்தில் மெல்லத் தெளிவு வந்தது. நிம்மதி வரவில்லை.

"போன்கடைக்காரரு மாதிரியா?"

"அவரளவுக்கு வாய் கிடையாது" என்றாள் அக்கா.

அவர் கையை உருவிக்கொண்டார். "இத ஏன் எங்கிட்ட சொன்னீங்க? ஆள் மாறிப்போச்சுன்னதோட நிறுத்தியிருக்கலாமே. ராத்திரியெல்லாம் என் பயத்த மட்டும் வச்சுக்கிட்டுக் கெடந்தேன். இப்ப உங்களுதும் சேந்துக்கிச்சு."

அவர் சொன்னதில் தப்பில்லை. உண்மையை இறக்கி வைப்பவருக்குத்தான் பாரம் குறைகிறது, வாங்கிக்கொள்பவருக்கு அல்ல.

அந்த நேரம் பார்த்து அண்ணன் உள்ளே வந்தார்.

"என்ன ரெண்டு பேரும் குசுகுசுன்னு? எங்களுக்குத் தெரியக்கூடாத சேதியா?"

வேடிக்கையாகத்தான் கேட்டார். பழக்கடைக்காரர் அண்ணனின் கட்டுப்போட்ட கையைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். அந்தப் பார்வை முடிவதற்குள் அவள் வேலை, வீடு, டிப்போ, தாழ்ப்பாள் எல்லாம் ஒவ்வொன்றாக அவள் கையை விட்டுப் போய்த் திரும்பி வந்தன.

"நேத்து சொன்னாங்கள்ல, அத மயக்கத்துல சரியாக் கேக்கல" என்றார் பழக்கடைக்காரர். "அதத்தான் கேட்டுக்கிட்டிருந்தேன்."

"அவ்வளவுதானே? இதுக்கா மூஞ்சிய இப்படி வச்சிருக்க. இன்னொரு தடவ சொல்லுங்க சிஸ்டர். நானும் கேக்கறேன்."

அண்ணன் கட்டுப்போட்ட கையை நெஞ்சில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அக்கா மன்னிப்பிலிருந்து தொடங்கினாள். முதல் வரி வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவது இடத்தில் வெறும் வெள்ளைச் சுவர். இருபது வருஷமாகச் சொன்ன வரி. நாக்கு நுனிக்கு வந்து நின்றதோ நன்றி, ஆற்றங்கரை நன்றி. அதை விழுங்கினாள். அண்ணனின் புருவம் லேசாகச் சுருங்கியது.

கட்டிலிலிருந்து ஒரு கரகரத்த குரல் மூன்றாவது வரியை எடுத்துக் கொடுத்தது. பழக்கடைக்காரர் முன்னே போக, அவள் பின்னே போனாள், அன்றைக்கு அந்த டீச்சரின் பின்னே போனதுபோல. கடைசிவரை இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடியே சொன்னார்கள். மூவரில் கண்ணை மூடியிருந்தவர், பயம் இல்லாத அந்த ஒருவர்தான்.

"சிஸ்டருக்கும் ராத்திரி தூக்கமில்ல போல" என்றார் அண்ணன் கண்ணைத் திறந்து. "பாவம், எத்தன பேருக்குச் சொல்லுவாங்க."

கட்டில் தலைமாட்டில் தொங்கிய காகிதப் பையிலிருந்து தம்பியின் கழுத்துக் கயிற்றை அவர் எடுத்தார். கட்டிவிடப் பார்த்தார். கட்டுப்போட்ட கைக்கு முடிச்சு விழவில்லை. இரண்டு முறை நழுவியது. தம்பியோ தையல் போட்ட வயிற்றோடு கையைப் பிடரிக்குக் கொண்டுபோக முடியாமல் கிடந்தார்.

"இந்தக் கை ஒதவாது. நீங்களே கட்டி விடுங்க சிஸ்டர்."

அக்கா குனிந்தாள். மேஜைமேல் விரல் பிடித்த அதே மனிதரின் பிடரியில் இப்போது வேர்வை இருந்தது. அவளுக்குத் தெரிந்தது தையலுக்குப் போடும் தியேட்டர் முடிச்சு ஒன்றுதான். அதையே போட்டாள். விரல்கள் மட்டும் எப்போதும்போல் வேலை செய்தன.

"அவிழ்ந்துடாதுல்ல?" என்றார் அண்ணன், கிட்டத்தில் வந்து பார்த்து.

"அவிழாது" என்றாள் அவள்.

பழக்கடைக்காரர் அந்தப் பதக்கத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு அவளைப் பார்த்தார். நன்றியா, எச்சரிக்கையா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. தண்ணீர் வேண்டும் என்று சைகை காட்டினார். டம்ளரை அவளே நீட்டினாள். அவர் பதக்கத்தை விடாமலே குடித்தார்.

தியேட்டர் மணி அடித்தது. தையல்காரரைக் கொண்டுவந்துவிட்டார்கள். இன்று அவர் டீ குடிக்கவில்லை. ஜன்னலோரத் தட்டில் அவருடைய மோதிரம் கிடந்தது. முகக்கவசத்தைக் கட்டிக்கொண்டு அக்கா மேஜைக்குப் பக்கத்தில் போனாள். ஆளைத் தெரிந்தும் பேரைக் கேட்டாள், தெருவைக் கேட்டாள், மறுபடியும் தெருவைக் கேட்டாள்.

"என்னக்கா, போலீஸ்காரங்க மாதிரி கேக்கறீங்க" என்றார் தையல்காரர், விரலை நீட்டிக்கொண்டே. "எனக்கே பயமா இருக்கு. சொல்லுங்க."

"நீங்க ஆரம்பிங்க" என்றாள் அவள். "நான் பின்னாடியே வர்றேன்."